வேண்டுமென்றே: ஒரு சொல்லும் ஒரு சட்டமும்

அரபுச் சொல்லுக்குப் பொருள் கேட்டு நம்மிடம் வருவோர் பலர். ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டு வருவோர் மிகச் சிலரே. மதுரையில் மதரஸா ஒன்றில் ஓதிக்கொடுத்துக் காலங்கழிக்கும் நம்மைத் தேடி, சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த வேளையில் முதியவர் ஒருவர் வந்தார். மஹல்லாவில் நெடுங்காலம் பழகிய முகம். அவர் கையில் நான்காக மடித்த கடிதம் ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேரனின் பள்ளிக்கூடம் அனுப்பியது அது.

"ஹஜ்ரத், பக்கத்து வீட்டுப் பிள்ளை மொத்தத்தையும் வாசிச்சுச் சொல்லிருச்சு. பையன் ஒரே மாசத்துல மூணு தடவை நேரங்கழிச்சுப் போயிருக்கான். அது விளங்கிருச்சு. இந்த ரெண்டு வார்த்தைதான் பயமா இருக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் 'டெலிபரேட்' என்றும் 'ஹேபிச்சுவல்' என்றும் இரண்டு பெயரடைகள் அடுத்தடுத்து நின்றன. 'வேண்டுமென்றே செய்தது', 'வழக்கமாகவே செய்வது' என்று நாம் தமிழில் சொன்னோம். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்கம்மா பெரியாஸ்பத்திரியில படுத்திருக்கு. காலையில கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போறான். இதுக்குப் பேரு வேணும்னே செய்யறதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. தாமதமாகும் என்று அறிந்தேதான் பையன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அறிந்து செய்ததெல்லாம் வேண்டுமென்றே செய்ததாகி விடுமா? கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வருமாறு சொல்லி அவரை அனுப்பினோம். அன்றிரவு அகராதிகளைப் புரட்டத் தொடங்கிய நாம், நம் ஊருக்கு மேற்கேயுள்ள மானாவாரி நிலத்தையும், நூறாண்டுகளுக்கு முன் அங்கே சிந்திய இரத்தத்தையும் நோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. அதனையே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

தராசிலிருந்து பிறந்த சொல்

'டெலிபரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் 'லிப்ரா' என்றால் தராசு. செய்யலாமா, விடலாமா என்று ஒரு காரியத்தை மனத்திலே நிறுத்துப் பார்ப்பதே அச்சொல்லின் முதற்பொருள் என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். நம் தமிழில் 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்கிறோமே, அதுவும் தராசு பிடிக்கும் வேலைதான். அரபியில் 'மீஸான்' என்னும் சொல் துலாக்கோலையும் நீதியையும் ஒருங்கே நினைவூட்டும். மூன்று மொழிகளும் ஒரே கடைவீதியில் நின்று ஒரே பொருளைக் கண்டிருக்கின்றன.

ஆங்கிலத்தில் இச்சொல் வினையாகவும் வரும், பெயரடையாகவும் வரும். சபை கூடி ஆலோசித்தது என்னும் பொருளில் வினையாக வரும்போது அதன் ஈறு நீண்டொலிக்கும். பெயரடையாகும்போது குறுகி ஒலிக்கும். பெயரடையிலும் இரண்டு வழக்குகள் உண்டு. ஒருவர் நிதானமாக, அவசரமின்றி, ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பேசுகிறார் என்றால் அதுவும் 'டெலிபரேட்'; அங்கே அது புகழ்ச்சி. ஒருவர் தெரிந்தே தீங்கு செய்தார் என்றாலும் அதே சொல்தான். அங்கே அது குற்றச்சாட்டு. புகழும்போது நாம் 'நிதானமான' என்று பெயர்க்கிறோம். பழிக்கும்போது 'வேண்டுமென்றே' என்கிறோம்.

இதன் உறவுச் சொற்களையும் பிரித்தறிவது நலம். 'இன்டென்ஷனல்' என்பது ஒரு நோக்கத்தோடு செய்தது. 'வாலண்டரி' என்பது பிறர் வற்புறுத்தலின்றித் தானாகச் செய்தது. 'வில்ஃபுல்' என்பது தன் விருப்பத்தையே பிடிவாதமாகக் கொண்டு செய்தது. நம் 'வேண்டுமென்றே' என்பதிலும் 'வேண்டுதல்' என்னும் விருப்பமே வேராக நிற்பதால், நேர்ப்பொருளில் அது 'வில்ஃபுல்' என்பதற்கே மிக நெருங்கியது. 'டெலிபரேட்' என்பதோ, விரும்பியது மட்டுமன்றி, செய்யுமுன் நிறுத்துப் பார்த்தது. 'சிஸ்டமாட்டிக்' என்பது திட்டமிட்டு ஒழுங்குமுறையோடு மீண்டும் மீண்டும் செய்தது. 'ஹேபிச்சுவல்' என்பது பழக்கத்தினால், எண்ணிப் பாராமலே செய்வது.

ஈண்டு ஒன்றை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நிறுத்துப் பார்த்துச் செய்வதும், எண்ணிப் பாராமல் பழக்கத்தால் செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒரே செயலை இரண்டு சொற்களாலும் ஒரே மூச்சில் குற்றஞ்சாட்டுவது எளிதில் பொருந்தாது. பெரியவர் கொண்டுவந்த கடிதத்தில் அவ்விரண்டும் பக்கம் பக்கமாக நின்றன. அதனை எழுதியவர் கோபத்தில் எழுதினாரேயன்றி, தராசு பிடித்து எழுதவில்லை என்பது நமக்கு அப்போதே பட்டது.

நம் நூல்கள் நெஞ்சை அளந்த விதம்

நிய்யத் என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் வீடு கிடையாது. செயல்களெல்லாம் எண்ணத்தைப் பொறுத்தே அமைகின்றன என்னும் கருத்துடைய நபிமொழியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் தலைவாயிலில் வைத்தார்கள். சிறுவன் பருவமடையும் வரையும், உறங்குபவன் விழிக்கும் வரையும், சித்தம் கலங்கியவன் தெளியும் வரையும் அவர்கள்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பதும் நம் மார்க்கத்தின் முடிவு.

ஃபிக்ஹு நூல்களில் கொலையைப் பற்றிய பாடத்தை ஓதியவர்கள் 'அம்து', 'ஷிப்ஹுல் அம்து', 'கதஉ' என்னும் பிரிவுகளை அறிவார்கள். வேண்டுமென்றே செய்தது, வேண்டுமென்றே செய்ததை ஒத்தது, தவறுதலாக நேர்ந்தது என்பன அவை. எண்ணம் நெஞ்சுக்குள் மறைந்து கிடப்பது, காஜியோ மனிதர். ஆகவே வெளியே தெரியும் ஓர் அடையாளத்தைக் கொண்டுதான் உள்ளத்தை அறிய முடியும் என்று இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கருதினார்கள். கொலைக்கு எடுத்த கருவியே அவ்வடையாளம். வெட்டும் அல்லது குத்தும் ஆயுதமானால் அம்து. பெரிய கல்லோ தடியோ ஆனால் ஷிப்ஹுல் அம்து என்பது அவர்களின் கொள்கை. அவர்களின் மாணவர்களான இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் இதனை ஏற்கவில்லை. சாதாரணமாக உயிரைப் போக்கக்கூடிய பெருங்கல்லால் அடித்தவனும் வேண்டுமென்றே கொன்றவனே என்றார்கள்.

இது மதரஸாச் சுவருக்குள் அடங்கிப்போன விவாதம் அன்று. கிழக்கிந்தியக் கும்பெனியார் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னரும், குற்றவியல் நீதிமன்றங்களில் இஸ்லாமியச் சட்டமே நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. 1790 ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், கொலை வழக்குகளில் கருவியைப் பாராது எண்ணத்தையே பார்க்க வேண்டும் என்று, மாணவர்களின் கொள்கைப்படி வங்காளத்தில் ஆணையிட்டார். சென்னை மாகாணத்திலும் 1802 ஆம் ஆண்டின் ரெகுலேஷன்களுக்குப் பிறகு, கும்பெனியார் செய்த திருத்தங்களோடு இஸ்லாமியச் சட்டமே குற்றவியல் மன்றங்களில் வழங்கிற்று. காஜியும் முஃப்தியும் மன்றத்தில் அமர்ந்து ஃபத்வா எழுதினர். நம் மதுரையிலே காஜிமார் தெரு என்னும் பெயரைச் சொல்லும்போதெல்லாம், நீதி சொல்லும் பொறுப்பு இந்த ஊர் முஸ்லிம்களின் நினைவில் எத்துணைப் பழமையானது என்பதை நாம் எண்ணிக்கொள்வதுண்டு. 1860 இல் இயற்றப்பட்டு 1862 இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இத்தனை நூற்றாண்டு விவாதத்தில் ஒரு செய்தி தெளிவாக நிற்கிறது. ஆசிரியரும் மாணவர்களும் ஒரு மனிதனின் உள்ளத்தை எவ்வாறு அறிவது என்றுதான் வேறுபட்டார்கள். அவன் தகப்பன் யார், அவன் எந்தக் குலத்தில் பிறந்தான் என்று பார்த்து எண்ணத்தை முடிவு செய்யலாம் என ஒருவரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு மாணவர் நம்மை மடக்கலாம். 'ஆகிலா' என்னும் ஏற்பாட்டில், ஒருவன் செய்த கொலைக்குரிய ஈட்டுத்தொகையை அவன் உறவினர்கள் சேர்ந்து செலுத்த வேண்டுமென்று நம் நூல்களே கூறவில்லையா? கூறுகின்றன. ஆனால் அது தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் அதனை ஒத்தவற்றுக்கும் உரியது. வேண்டுமென்றே கொன்றவனுக்காக ஆகிலா செலுத்துவதில்லை. துன்பம் தற்செயலாய் வந்தபோது சுமையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். தீய எண்ணம் என்று வந்துவிட்டால், அது எண்ணியவன் ஒருவனுக்கே உரியது. இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1871 ஆம் ஆண்டின் சொற்றொடர்

இந்தியத் தண்டனைச் சட்டமும் எண்ணத்தைப் போற்றிய சட்டமே. 'வாலண்டரிலி', 'டிஸ்ஹானஸ்ட்லி', 'ஃப்ராடுலன்ட்லி' என்னும் சொற்களுக்கெல்லாம் அது தனித்தனியே இலக்கணம் வகுத்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்தது எதுவும் குற்றமாகாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளையானால், தான் செய்ததன் தன்மையை உணரும் முதிர்ச்சி அதற்கு இருந்ததா என்று பார்க்கச் சொன்னது.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகள் கழிவதற்குள், 1871 அக்டோபரில், அதே அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிற்று. முதலில் வட இந்தியப் பகுதிகளுக்கு மட்டும் அது வழங்கிற்று. தச்சன் மகன் தச்சனாவதுபோல, இந்நாட்டில் குற்றமும் சாதித்தொழிலாக இறங்கி வருகிறது என்பது அக்கால அதிகாரிகளின் வாதம். பிணையில் விடத்தகாத குற்றங்களைத் திட்டமுறையில் செய்வதற்கு அடிமைப்பட்டது ஓர் இனமோ கும்பலோ வகுப்போ என்று அரசு கருதினால், அதனைக் குற்றப் பரம்பரை என அறிவிக்கலாம். அறிவிப்பு வந்துவிட்டால் அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

இச்சொற்றொடரில் 'அடிக்டட்', 'சிஸ்டமாட்டிக்' என்னும் இரண்டு சொற்கள் இணைந்து வருகின்றன. ரோமானியர் காலத்தில், கடனைத் தீர்க்க இயலாமல் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்டவனுக்கு வழங்கிய பெயரோடு 'அடிக்டட்' என்பது தொடர்புடையது. தன் விருப்பம் தன் கையில் இல்லாதவன் என்பது பொருள். 'சிஸ்டமாட்டிக்' என்பதோ திட்டமும் அறிவும் கொண்டு செய்வது. விருப்பமே இல்லாதவன் திட்டமிடுவது எவ்வாறு? திட்டமிடுபவன் அடிமைப்பட்டவன் ஆவது எவ்வாறு? தண்டிப்பதற்கு எண்ணம் வேண்டும். ஆகவே 'சிஸ்டமாட்டிக்' என்றார்கள். எண்ணத்தை மெய்ப்பிக்கும் சுமை தம்மீது விழக்கூடாது; ஆகவே 'அடிக்டட்' என்றார்கள். பிறந்த குழந்தை முதல் தள்ளாத கிழவர் வரை ஒரே வீச்சில் அடக்க இந்த இரட்டைச் சொல் போதுமானதாயிற்று.

ஊரையே குற்றவாளியாக்கும் முறை அதற்கு முன்பும் இருந்ததுதான். மலபாரில் 1854 ஆம் ஆண்டின் மாப்பிள்ளைச் சட்டம், கலகம் நடந்த வட்டாரத்து மாப்பிள்ளைமார்மீது கூட்டாக அபராதம் விதிக்க இடம் தந்தது. ஆயினும் அது நடந்துமுடிந்த ஒரு கலகத்தைத் தொடர்ந்து வந்தது. 1871 ஆம் ஆண்டுச் சட்டமோ இனி நடக்கப்போவதற்காக முன்கூட்டியே ஆட்களைக் குறித்து வைத்தது.

அன்று வைஸ்ராயின் ஆலோசனை சபையில் சட்ட உறுப்பினராயிருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். இந்தியச் சாட்சியச் சட்டத்தை வகுத்த பேரறிஞர். பின்னர் இங்கிலாந்தில் அவர் நீதிபதியானார். 1889 இல் டால்சன் என்னும் பெண்ணின் வழக்கு பதினான்கு நீதிபதிகள் முன் வந்தது. கணவன் அவளைக் கைவிட்டுச் சென்று, கடலில் இறந்தான் என்று செய்தி வந்தது. அதனை நம்பி அவள் மறுமணம் செய்துகொண்டாள். பின்னர் அவன் உயிரோடு திரும்பிவிட்டான். நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்ததால் அவள் குற்றவாளியல்ல என்று ஒன்பது பேர் தீர்ப்பளித்தனர். அந்த ஒன்பதின்மரில் ஸ்டீஃபனும் ஒருவர். தம் நாட்டுப் பெண் ஒருத்தியின் உள்ளத்தைத் துல்லியமான தராசில் நிறுத்தவர், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இந்திய மக்களின் கூட்டம் கூட்டமான வாழ்வை நிறுக்காமலே விட்ட சட்டத்தின் காலத்தில் சட்ட உறுப்பினராயிருந்தார். தராசு அவர்களிடம் இல்லாமற் போகவில்லை. அதை யாருக்காக எடுப்பது என்பதிலேதான் வேறுபாடு.

நாகமலைக்கு மேற்கே

1911 ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே நாகமலைத் தொடர் பாம்புபோல் நீண்டு கிடக்கிறது. அதையடுத்த சமணர் மலையின் அடிவாரத்திலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது 1914 இல் சட்டம் முதலில் பாய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதன்மீதும் அது விரிந்தது.

இவர்கள் யார்? நாயக்கர் காலத்திலும் அதன் பின்னும் ஊர்க்காவலும் தேசகாவலும் செய்து, அதற்காக ஊராரிடமிருந்து காவற்கூலி பெற்று வந்தவர்கள். திருடு போனால் பொருளை மீட்டுக் கொடுப்பதும், இல்லையேல் ஈடு கட்டுவதும் காவல்காரர் பொறுப்பு. கும்பெனி ஆட்சியில் காவல் உரிமை பறிக்கப்பட்டது. 1859 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிய போலீஸ் வந்தது. காவற்கூலி வாங்குவது மிரட்டிப் பணம் பறிப்பது என்று பெயர் மாறிற்று. காவல் முறையில் கொடுமைகளும் நடந்தன. அதனை வெறுத்த பிற சாதியார் 1896 இல் மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் கள்ளர் காவலுக்கு எதிராகக் கிளர்ந்தனர். இதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் நிலத்தையும் பார்க்க வேண்டும். 1895 இல் பெரியாறு அணை திறந்தபோது அதன் நீர் மதுரைக்கும் மேலூருக்கும் வயல்களைத் தந்தது. உசிலம்பட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமியாகவே நின்றது. பழைய தொழில் போயிற்று. புதிய நீர் வரவில்லை. திருடியவர் சிலர் இருந்தனர். உழுது பிழைத்தவர் பலர் இருந்தனர். சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒருவரே.

மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். பெயரைப் பதிந்து விரல் ரேகையைக் கொடுக்க வேண்டும். இரவில் போலீஸ் குறிப்பிட்ட இடத்தில் ஆஜராகிப் பேர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் 'ராத்திரிச் சீட்டு' வாங்க வேண்டும். நோயாளிக்கு மருந்து வாங்கப் போனவனும் சீட்டின்றிப் பிடிபட்டால் குற்றவாளியே. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் 1911 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குற்ற எண்ணமே இராது என்று ஒரு சட்டம் சொல்ல, ஆறு வயதுப் பிள்ளையை அதன் பிறப்புக்காகவே தாயின் மடியிலிருந்து எடுக்கலாம் என்று மற்றொரு சட்டம் சொல்லிற்று. இரண்டும் ஒரே அரசின் சட்டங்கள்.

விரல் ரேகையைப் பற்றி இன்னொரு செய்தி. ரேகைகளை வகைப்படுத்தி அடுக்கும் முறையை எட்வர்ட் ஹென்றியின் கீழ் வங்காளத்தில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் காஜி அஜீஸுல் ஹக் என்னும் முஸ்லிம் இளைஞர். அவரோடு ஹேமசந்திர போஸ் உழைத்தார். 1897 இல் கல்கத்தாவில் ரேகை அலுவலகம் அமைந்தது. ஒருவர் ரேகை மற்றொருவர் ரேகையைப் போல் இராது என்பதே அக்கலையின் அடிப்படை. ஒவ்வொரு மனிதனும் தனியானவன் என்பதற்கு இறைவன் விரல்நுனியில் வைத்த சாட்சி அது. அச்சாட்சியைக் கொண்டே ஒரு சமூகத்தின் எல்லா மனிதரும் ஒரே தன்மையர் என்று பதிவேடு எழுதினர். விநோதம் இதைவிட வேறு வேண்டுமா?

1920 ஏப்ரல் 3 ஆம் நாள், உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூருக்கு ரேகை பதிவு செய்யப் போலீஸ் படை வந்தது. ஊர் மக்கள் இணங்க மறுத்தனர். துப்பாக்கிகள் வெடித்தன. உயிரிழந்தோர் 16 பேர் என்று ஊரார் நினைவுகூர்கின்றனர். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்னும் பெண். காயமுற்றுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய் உயிர் நீத்தார் என்று சொல்லப்படுகிறது. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து ஓராண்டு நிறைவதற்குப் பத்து நாட்களே இருந்தன. அமிர்தசரஸை நாடறியும், பெருங்காமநல்லூரை மதுரையிலேயே அறியாதவர் உண்டு.

அந்த நாளில் அங்கே உண்மையிலேயே 'டெலிபரேட்' என்று சொல்லத்தக்க செயல் ஒன்று நடந்தது. ரேகை கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்து, கொடுப்பதில்லை என்று ஒரு சிற்றூர் முடிவு செய்ததே, அதுதான் அது. திட்டமிட்டுக் குற்றம் செய்பவர்கள் என்று பெயரிடப்பட்டவர்கள், எண்ணித் துணிந்து நின்றது ஒரு மறுப்புக்காக.

அம்மக்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் மதுரையில் வாழ்ந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்த கிறிஸ்தவர். அம்மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். 1938 இல் அவர் மறைந்தார். பின்னர் பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி போன்றோர் போராடினர். 1947 இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்ட் 31 ஆம் நாள் நாடெங்கும் ஒழிந்தது. அம்மக்களுக்குச் 'சீர்மரபினர்' என்னும் புதுப்பெயர் வந்தது.

பெயர் மாறி வந்த பழைய சொல்

சட்டம் போயிற்று, சொல் போயிற்றா? 1948 ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றியது. 'சிஸ்டமாட்டிக்' இருந்த இடத்தில் 'ஹேபிச்சுவல்' வந்து அமர்ந்தது. குலத்தைப் பாராது, பலமுறை தண்டனை பெற்ற தனிமனிதனைப் பார்ப்பது புதிய சட்டத்தின் முறை என்பதால், அது முன்னேற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாட்டின் சில சிறைக் கையேடுகளில் அந்தச் சொல்லுக்குள் பழைய பரம்பரைப் பட்டியல் ஒளிந்திருந்தது. 2024 அக்டோபர் 3 ஆம் நாள், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணென்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறப்பைக் காட்டிச் சீர்மரபினரை வழக்கக் குற்றவாளிகளாக நடத்தும் விதிகளையும் கண்டித்தது. 1871 இல் எழுதிய ஒரு சொல்லின் நிழல் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் நீண்டிருக்கிறது.

இதனை நாம் ஏன் நம் குடும்பங்களுக்குச் சொல்கிறோம்? பிறப்பையும் பெயரையும் பார்த்து எண்ணத்தை முடிவு கட்டும் பார்வையின் சூட்டை நம் சமுதாயமும் அறியும். அது நம்மைச் சுடும்போது நாம் துடிக்கிறோம், நியாயந்தான். ஆயின் நம் திண்ணைகளிலும் "அந்த ஊர்க்காரனா, அவன் பரம்பரையே அப்படித்தான்" என்னும் பேச்சு ஒலித்ததில்லையா? மேற்கத்திக் கிராமங்களிலிருந்து நம் கடைகளுக்கு வந்துபோனவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் பேசிய பேச்சைச் சிறுவயதில் நாமே கேட்டிருக்கிறோம். அன்று அது தவறென்று நமக்குத் தோன்றவில்லை.

மீண்டும் அந்தக் கடிதம்

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் வந்தார். பையனும் உடன் வந்திருந்தான். "ஏன் தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போனதை வாத்தியாரிடம் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "யாரும் கேட்கலை, ஹஜ்ரத்" என்றான்.

பையன் அறிந்தே தாமதித்தான், மறுக்க முடியாது. ஒரு தட்டில் மணியோசையையும், மறு தட்டில் தாயின் பசியையும் வைத்துப் பார்த்து, தாயின் பக்கம் சாய்ந்தான். அந்தப் பொருளில் அது 'டெலிபரேட்' தான். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குள்ள புகழ்ச்சிப் பொருளில். பள்ளிக்கூடத்தை அவமதிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. ஆகவே கடிதம் சொன்ன பழிப்பொருள் பொருந்தாது. தாய் வீடு திரும்பினால் தாமதமும் நின்றுவிடும். ஆகவே 'ஹேபிச்சுவல்' என்பதும் பொருந்தாது. இதனைப் பணிவோடு தமிழில் எழுதி, பையனின் வகுப்பாசிரியரிடம் கொடுக்கச் சொன்னோம். படித்துவிட்டு அவர், "நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்றாராம். அவ்வளவில் காரியம் முடிந்தது.

நமக்கு மட்டும் முடியவில்லை. அன்று இஷாவுக்குப் பின் நம் மதரஸாவின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். பல ஆண்டுகளுக்கு முன் ஓதிய மாணவர் ஒருவரின் பெயருக்கு நேரே, நம் கையெழுத்தில், 'வேண்டுமென்றே வரவில்லை' என்று எழுதியிருந்தது. அவர் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அதற்கடுத்த மாதம் அவர் பெயர் பதிவேட்டில் இல்லை. ஏன் வரவில்லை என்று நாம் கேட்டதாக எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்த ஊருக்குப் போய் விசாரிக்க எண்ணியிருக்கிறோம். அவர் இப்போது பிள்ளைகள் பெற்றுப் பெரியவராகியிருப்பார். பதிவேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. கேட்க வேண்டியதை இப்போதாவது கேட்கலாம்.